பழைய வண்டிக்கு நல்ல பிரேக் பொருத்துவது குற்றமா?

வடஇந்தியக் காய்கறி மண்டிகளில் சரக்கு ஏற்றுவதற்காக வரிசையில் நிற்கும் பழைய பிக்-அப் வண்டி ஒன்றின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், அது ஒரு வண்டியல்ல, இரண்டு வண்டிகள் என்பது பல நேரங்களில் தெரியவரும். கூண்டும் அடிச்சட்டமும் 2000-களின் தொடக்கத்தில் ஆலையிலிருந்து வந்தவை. ஸ்டீயரிங் பெட்டி அதைவிட ஆறேழு ஆண்டுகள் இளையது. விபத்தில் நொறுங்கிக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்த வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. முன்சக்கர பிரேக்கும் அப்படியே. நான்கு கியர் பெட்டி இருந்த இடத்தில் ஐந்து கியர் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

இதை வண்டி உரிமையாளர் மறைப்பதில்லை. பாரம் ஏற்றிய வண்டியை ஒரு கையால் திருப்ப முடிகிறது என்று பெருமையாகவே சொல்வார். வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வாளர் முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். தன் உயிரையும் சாலையில் எதிரே வருபவரின் உயிரையும் காக்கும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, குற்றம் செய்தவரைப் போல நிற்க வேண்டிய நிலையில் அவரைச் சட்டம் வைத்திருக்கிறது. பழைய வாகனங்களைப் பற்றி நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் நீதிமன்றங்களும் கடந்த 10 ஆண்டுகளாக நிறையவே பேசிவிட்டன. ஆனால் ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவரின் இந்தச் சிறிய சிக்கல் அந்தப் பேச்சில் இடம் பெறவில்லை.

பட்டறையில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. உடைந்த பாகம் ஒன்றுக்கு மாற்றாக அதே பாகத்தை வாங்கிப் பொருத்துவது பழுதுபார்ப்பு. இங்கே நடப்பது அதுவல்ல. பழைய வண்டியில் இல்லாத வசதி, அதே நிறுவனத்தின் பிற்கால வண்டியில் இருக்கிறது. அந்தப் பிற்கால வண்டி ஒன்று விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனத்தால் முழு இழப்பு என்று கணக்கெழுதப்பட்டு ஏலத்துக்கு வருகிறது. அதை வாங்கிப் பிரித்து, தேவையான தொகுதியை முழுதாகப் பழைய வண்டிக்கு மாற்றுகிறார்கள். மஹிந்திரா நிறுவனத்தின் பொலேரோ 2000-ஆம் ஆண்டிலும் ஸ்கார்ப்பியோ 2002-ஆம் ஆண்டிலும் சந்தைக்கு வந்தன. பழைய ஜீப் வழியில் வந்த பிக்-அப் வண்டிகளுக்குப் பாகம் தரும் வண்டிகளாக இவை பட்டறைகளில் பேர்பெற்றதற்குக் காரணம், ஒரே குடும்பத்து வண்டிகளில் பல பாகங்கள் சிறு மாற்றத்தோடு ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதுதான்.

எதற்காக முழு வண்டி தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு மெக்கானிக்குகள் தரும் விடை எளிமையானது. பவர் ஸ்டீயரிங் என்பது ஒரு பெட்டி மட்டுமல்ல. எண்ணெயை அழுத்தும் பம்ப், அதை இஞ்சினோடு பிணைக்கும் தாங்கி, கிராங்க் முனையில் கூடுதல் பள்ளம் உள்ள சக்கரம், பெல்ட், அழுத்தம் தாங்கும் குழாய்கள், எண்ணெய்க் கிண்ணம், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு என்று ஒரு கூட்டமே சேர்ந்து வர வேண்டும். இவற்றைத் தனித்தனியே தேடினால் பம்ப் ஒரு வண்டியுடையதாகவும் குழாய் வேறொன்றுடையதாகவும் அமைந்து, ஒரு மாதத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கும். ஒரே வண்டியிலிருந்து எடுத்தால் போல்ட் வரை பொருந்தும்.

பிரேக்கில் இது இன்னும் முக்கியம். முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைக்க வேண்டுமானால், சக்கரக் குடம், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் ஆகிய எல்லாம் ஒரே தொகுதியாக மாற வேண்டும். டீசல் இஞ்சினில் அந்த பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை. அதற்கென ஒரு பம்ப் வேண்டும். பெரும்பாலும் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கும். ஆகவே பிரேக்கை மாற்றப் போனவர் ஆல்டர்னேட்டரையும் மாற்றும்படி ஆகலாம். முன்பிரேக் வலுவடைந்த பிறகு பின்பிரேக்கைச் சரிசெய்யாவிட்டால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி சறுக்கிக் கட்டுப்பாட்டை இழக்கலாம். அறிந்தவர் கையில் இது உயிர் காக்கும் வேலை. அரைகுறை அறிவுள்ளவர் கையில் ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியது அரசின் வேலை. அதைத்தான் அரசு செய்யவில்லை.

இஞ்சின் மாற்றம் வேறு வகை. பழைய டீசல் இஞ்சின் முழுக்க இயந்திர அமைப்பு. புதியது மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுவது. அதை மாற்றுபவர் கணினிப் பெட்டி, கம்பித் தொகுப்பு, உணர்விகள், டேங்க் வரை இடம் மாற்ற வேண்டும். இஞ்சின் எண் பதிவுச் சான்றில் இருப்பதால் அதிகாரியின் கண்ணுக்கும் அது உடனே படும். புகை விதிகளும் அதனோடு பிணைந்துள்ளன. ஆகவே அதற்குக் கடுமையான விதி இருப்பதில் தவறில்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்படிப்பட்டவை அல்ல. பதிவுச் சான்றில் அவற்றுக்கு எண்ணும் இல்லை, வரியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அடிப்படைத் தன்மை மாறும் அளவுக்கு வாகனத்தின் அமைப்பில் செய்யப்படும் மாற்றமே இங்கு மாற்றம் எனக் கொள்ளப்படும் என்று விளக்கமும் தரப்பட்டுள்ளது. டிரம் பிரேக் டிஸ்க் பிரேக் ஆவது அடிப்படைத் தன்மையின் மாற்றமா? நான்கு கியர் ஐந்தாவது? சட்டம் பதில் சொல்லவில்லை. 2019 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்றும், மாநில விதிகள் சட்டத்துக்கு அடங்கியவையே என்றும் கூறியது. வாகனத்தின் வடிவத்தை உருமாற்றிச் சாலையில் அட்டகாசம் செய்பவர்களைப் பிடிப்பதற்கு அத்தீர்ப்பு உதவியது என்னவோ உண்மை. காய்கறி வண்டிக்காரரின் தலைமீதும் அதே கத்தி தொங்கத் தொடங்கியது.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. ஜூலை மாதத்தில் இரு அவைகளிலும் நடந்த விவாதத்தின்போது, வெளியே மக்கள் பேசிக்கொண்டதெல்லாம் தலைக்கவசம் இல்லாதவருக்கு எவ்வளவு, குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு எவ்வளவு என்ற அபராதக் கணக்கைத்தான். அந்தத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு புதிதாக மாற்றி எழுதப்பட்டதை வண்டிக்காரர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. சட்டம் அனுமதிக்காத வகையில், பாகங்களைப் புதிதாகப் பொருத்துவது உள்பட, வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது. ஸ்டீயரிங், பிரேக், கியர் பெட்டி என்று மூன்றையும் மாற்றியவருக்கு எண்ணிக்கைப்படி 15,000 ரூபாய்.

2019 வரை 52-ஆவது பிரிவில் ஒரு விநோதமான உட்பிரிவு இருந்தது. குறைந்தது 10 போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவர், அதே தயாரிப்பு, அதே வகை இஞ்சினைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவளிக்கலாம் என்பதே அது. பத்து வண்டிக்காரரை நம்பலாம், ஒரு வண்டிக்காரரை நம்ப முடியாது என்பது சட்டத்தின் மனநிலையாக இருந்தது. 2019 திருத்தம் அந்த இடத்தை மாற்றுத் திறனாளிகளின் தேவைக்கேற்ப வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமைக்குக் கொடுத்தது. மிக நல்ல மாற்றம். முதலில் மாற்றிக்கொண்டு பின்னர் ஒப்புதல் பெறலாம் என்ற அளவுக்கு அவர்கள்மீது சட்டம் நம்பிக்கை வைத்தது. ஒரு வண்டிக்காரர் மட்டும் எப்போதும்போல வெளியே நின்றார்.

சட்டம் மாற்றத்துக்கே எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். எரிபொருளை மாற்றுவதற்கு அது கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, 3.5 டன்னுக்குக் குறைவான பாரத் ஸ்டேஜ்-6 வாகனங்களில் எரிவாயு சாதனம் பொருத்தவும், டீசல் இஞ்சினையே எடுத்துவிட்டு எரிவாயு இஞ்சின் வைக்கவும் வழிசெய்தது. மின்கலத்தில் ஓடுமாறு மாற்றவும் வழி உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, மாற்றுச் சாதனத்தைத் தயாரிக்கும் நிறுவனம் புணே, மானேசர் போன்ற இடங்களில் உள்ள சோதனை மையங்களில் முன்னொப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பது. ஆயிரக்கணக்கில் சாதனம் விற்கும் நிறுவனத்துக்கு அது சுமையல்ல. ஒற்றை வண்டிக்கு ஒற்றை பிரேக் தொகுதியைப் பொருத்தும் பட்டறைக்கு அந்த வாசல் பொருந்தாது. தொழிற்சாலை செய்தால் தொழில்நுட்பம், பட்டறை செய்தால் தில்லுமுல்லு என்பதுதான் நடைமுறையில் இருக்கும் அளவுகோல்.

மறுபுறம், பழைய வண்டிகளை ஒழிப்பதற்கான ஏற்பாடுகள் விரைவாகவே வளர்ந்துள்ளன. 2021 மார்ச் 18-ஆம் தேதி மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி வாகனக் கழிவுக் கொள்கையை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். செப்டம்பரில் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகள் வந்தன. பழைய வண்டியைக் கொடுப்பவருக்கு, புதிய வண்டியின் காட்சியக விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கழிவு மதிப்பாகக் கிடைக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. புதிய பிக்-அப் ஒன்றின் விலை 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 36,000 முதல் 54,000 ரூபாய். மீதியைக் கடனாக வாங்கிப் புதிய வண்டி எடுத்தால் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை உண்டு. எடுக்க முடியாதவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. வண்டியை ஒழிக்கச் சொல்லும் கொள்கை, வண்டிக்காரர் அடுத்த நாள் காலையில் எதை ஓட்டுவார் என்று கேட்கவில்லை.

2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிகள் ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. தாங்கள் விற்ற வாகனங்கள் ஆயுள் முடிந்து உடைக்கப்படுவதற்கு உற்பத்தியாளர்களே பொறுப்பு என்பது அவற்றின் அடிப்படை. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொறுப்பு நிறைவேறியதற்கான கணக்கு, மீட்கப்பட்ட எஃகின் எடையில் பார்க்கப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள முன்னச்சு ஒன்று இன்னும் 10 ஆண்டுகள் ஓடக்கூடியது என்பதற்கு அந்தக் கணக்கில் தனி மதிப்பில்லை. உருக்கினால்தான் அது எண்ணிக்கைக்கு வரும். உருக்குவதற்குச் செலவாகும் எரிபொருளையும், அதே பாகத்தைப் புதிதாக வார்ப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், சுற்றுச்சூழலின் பெயரால் செய்யப்படும் இந்தக் கணக்கு அவ்வளவு நேரானதல்ல.

தலைநகரில் இந்த முரண்பாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 10 ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வாகனங்கள் தில்லிப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் தரக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்து, எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாகக் கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ்-4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இத்தனை உத்தரவுகளுக்கு இடையே, இயந்திர ரீதியில் நல்ல நிலையில் உள்ள பல்லாயிரம் வண்டிகள் தில்லியில் வேலையிழந்தன. சில தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலங்களுக்குப் போயின. மற்றவை மாயாபுரிக்குப் போயின.

சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, தில்லிவாசிகளுக்கு மேற்கு தில்லியின் மாயாபுரி அப்படி. வண்டி உள்ளே போகும். சில மணி நேரத்தில் கதவு ஒரு கடையில், கியர் பெட்டி வேறொரு கடையில், இருக்கை மூன்றாவது கடையில் அடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கியர் எந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும் என்பதைக் கையால் தடவிப் பார்த்தே சொல்லக்கூடிய கடைக்காரர்களை அங்கே காணலாம். ஆனால் மாயாபுரியை மட்டும் பார்த்து உருகிவிடவும் முடியாது. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஆய்வுக்கருவி ஒன்றில் இருந்த கோபால்ட்-60 அங்கே பிரிக்கப்பட்டு, கதிர்வீச்சுக்கு ஒரு தொழிலாளி பலியானார். காற்றையும் மண்ணையும் கெடுக்கும் வேலை என்று பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்து, 2019 ஏப்ரலில் அங்கே கடைகளுக்கு முத்திரையிடப் போனபோது மோதல் வெடித்தது. பாதுகாப்பற்ற உடைப்புக் கூடங்களைச் சீர்படுத்தியே ஆக வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

மீரட்டின் சோதிகஞ்ச் அதைவிடப் பெரிய பாடம். திருடப்பட்ட வாகனங்களை உடைத்துப் பாகமாக்கும் சந்தை என்று பெயரெடுத்த அந்தப் பகுதி, போலீஸ் நடவடிக்கைக்குப் பின் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த மாதம் ஷாஜகான்பூரில் நடந்த கூட்டத்தில் பிரதமரே அதைக் குறிப்பிட்டுப் பேசினார். விபத்தில் அழிந்த வண்டியின் காகிதங்களையும் சேஸிஸ் எண்ணையும் வாங்கி, திருட்டு வண்டியில் ஒட்டி விற்கும் தந்திரம் போலீஸாருக்குப் பழக்கமானதுதான். ஆகவே, பாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இங்கே கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி ஒன்றும் இருக்கிறது. நேர்மையாக வாங்கிப் பொருத்த நினைப்பவருக்கு இரசீதோடு பாகம் கிடைக்கும் இடமும், பொருத்தியபின் பதிவு செய்துகொள்ளும் வழியும் இல்லாதபோது, அவர் சோதிகஞ்ச் போன்ற சந்தையைத் தவிர வேறெங்கே போவார்? தடையே அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைத்தது.

மனித உறுப்பு மாற்றத்தில் இதே சிக்கல் வந்தபோது நாடாளுமன்றம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. சிறுநீரக வணிகம் நடக்கிறது என்பதற்காக 1994-இல் உறுப்பு மாற்றத்தையே அது தடைசெய்துவிடவில்லை. யார் கொடுத்தார், யார் பெற்றார், எங்கே அறுவைசிகிச்சை நடந்தது என்பதற்கு ஆவணம் கேட்டது. சிறுநீரகத்துக்குச் செய்ய முடிந்ததைக் கியர் பெட்டிக்குச் செய்ய முடியாதா என்று கேட்பது கேலியாகத் தோன்றலாம். ஆனால் ஆவணத்துக்கு வேண்டிய அடித்தளம் இப்போது தயாராகவே உள்ளது. பதிவு பெற்ற உடைப்பு மையம், வண்டியை ஏற்கும் முன்பே அது திருட்டு வண்டியா என்று தேசியத் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டியெடுத்து 6 மாதம் பாதுகாக்க வேண்டும். அங்கிருந்து வெளியேறும் பிரேக் தொகுதிக்கும் ஸ்டீயரிங் பெட்டிக்கும், மூல வண்டியின் எண்ணைக் குறித்த இரசீது ஒன்றைக் கட்டாயமாக்கினால் போதும். திருட்டுப் பாகத்துக்கும் நேர்மையான பாகத்துக்கும் வேறுபாடு தாளில் வந்துவிடும்.

பாதுகாப்பு வல்லுநர்கள் எழுப்பும் ஆட்சேபம் கனமானது. நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். பட்டறைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டால், பிரேக் மாற்றுபவரோடு, இரட்டிப்புப் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு பட்டை ஸ்பிரிங் கூடுதலாகச் செருகுபவரும் நுழைந்துவிடுவார் என்பது அவர்கள் அச்சம். உண்மை. பல இடங்களில் இரண்டையும் ஒரே பட்டறைதான் செய்கிறது. அதோடு, பாசனப் பம்ப் இஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி ஓட்டும் ஜுகாட் வண்டிகளின் அனுபவமும் உண்டு. அவையும் மோட்டார் வாகனங்களே, சட்டத்துக்கு உட்பட்டவையே என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் அவை ஓயவில்லை. 2022 ஏப்ரலில் பஞ்சாப் காவல்துறை மோட்டார் சைக்கிளோடு பிணைத்த தள்ளுவண்டிகளுக்குத் தடை விதித்தது. பிழைப்பு போகிறது என்ற கூக்குரலால் சில நாள்களிலேயே முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தடை, எதிர்ப்பு, பின்வாங்கல் என்ற இந்தச் சுற்றில் சாலைப் பாதுகாப்பு ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை.

ஆகவே எல்லா மாற்றத்தையும் ஒரே கூடையில் போடாமல் பிரிப்பதுதான் வழி. பாரத்தையும் வேகத்தையும் கூட்டும் மாற்றம் ஒன்று; நிறுத்துவதையும் திருப்புவதையும் மேம்படுத்தும் மாற்றம் மற்றொன்று. முன்னதற்கு இப்போதைய தண்டனையே பொருத்தம். தேவைப்பட்டால் கூட்டவும் செய்யலாம். பின்னதை, அதே தயாரிப்பாளரின் அதே குடும்பத்து வண்டியிலிருந்து எடுத்த முழுத் தொகுதி என்றால், வட்டார அளவிலேயே சோதித்து ஏற்கலாம். பிரிட்டனில் வாகனங்களைப் பெரிய அளவில் மாற்றியமைப்பவர்களுக்கு ஒரு மதிப்பெண் முறை இருந்துவந்தது. அடிச்சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, இஞ்சினுக்கு 1 என்று மூலப் பாகங்களுக்குக் கணக்கு. 8 மதிப்பெண் இருந்தால் பழைய பதிவெண் நீடித்தது. குறைந்தால் தனி ஆய்வுக்கு நிற்க வேண்டியிருந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. எது மாறினால் வண்டி வேறு வண்டியாகிறது என்பதை எண்ணால் சொல்ல முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

சோதிப்பதற்குக் கருவி இல்லையே என்ற சாக்கும் இனி எடுபடாது. தகுதிச் சான்று வழங்க நாடெங்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டுவருகின்றன. அவற்றில் உருளைகள் மீது வண்டியை ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கிறார்கள். இடதும் வலதும் சமமா, முன்னும் பின்னும் ஒத்துப்போகிறதா என்பதை அந்த உருளை சில நிமிடங்களில் சொல்லிவிடும். சரக்கு வண்டிகள் முதல் 8 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்படியும் தகுதிச் சான்றுக்கு வந்தாக வேண்டியவை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்கும் நிலையமே, பிடிக்கும் அந்த பிரேக் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் இரசீதைப் பார்த்துப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடலாம். காப்பீட்டு நிறுவனம் பின்னர் விபத்து இழப்பீட்டில் கைவிரிப்பதற்கும் அதோடு வழியடைபடும்.

மத்திய அரசுக்குள்ளேயே இதில் ஒரே குரல் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அது முன்னுரிமை கொடுக்கும் துறைகளில் ஒன்றாக வாகனங்களையும் சேர்த்தது. அதற்கு முன்பே, 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பட்டறைகள் பிழைக்க வேண்டும், நுகர்வோருக்குத் தேர்வு வேண்டும் என்று ஒரு துறை பேசுகிறது. பட்டறையில் கைவைத்த வண்டியைச் சாலைப் போக்குவரத்துத் துறை சந்தேகத்தோடு பார்க்கிறது. எஃகு எவ்வளவு தேறும் என்று சுற்றுச்சூழல் துறை தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இதற்காக இன்னொரு சட்டத்திருத்த மசோதாவைக் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை. எரிபொருள் மாற்றுச் சாதனங்களோடு நில்லாமல், வாகன மாற்றங்களுக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டது. எரிவாயு இஞ்சினுக்கு 2022-இல் வந்ததைப் போன்ற ஓர் அறிவிக்கை போதும். அப்படி வகுக்கப்படும் விதிகளைச் சட்டத்தின் 212-ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் 30 நாள்கள் வைத்தாக வேண்டும். அவையின் மேசையில் வைக்கப்படும் காகிதங்களை உறுப்பினர்கள் புரட்டிப் பார்ப்பது அபூர்வம். இந்த ஒன்றையாவது, தங்கள் தொகுதிச் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி கொண்டுவரும் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து அவர்கள் கேட்கலாம்.